ஏழுமலை கொட்டிய கெளுத்தி

ஏரிக்கரையில் நின்று பாடம் சொல்லும் வேலையில், குற்றவாளியின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: மீன்பண்ணை ஏழுமலை. குட்டையில் வளர்த்த ஆப்பிரிக்கக் கெளுத்தி விலைபோகவில்லை என்று, மிச்சத்தை எங்கள் ஏரியில் கொட்டியவன். நான் நாற்பது வருஷம் வலை வீசிய ஏரி. விரால் மீனும் குரவை மீனும் கண்ணில் படாமல் போனது அப்புறம்தான். "நான்தான் கொட்டினேன்" என்று அவன் வாயால் ஒரு வார்த்தை இன்றுவரை வந்ததில்லை.

ஐந்தாவதோடு நின்ற என்னை, ஒரகடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சனிக்கிழமைதோறும் கூப்பிடுகிறார். வெளியூர் உயிர்கள் வந்தால் உள்ளூர் உயிர்கள் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முன்னால் வாய் திறந்து பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஜிலேபிக் கெண்டை

முதல் நாள் வலையில் வந்ததெல்லாம் ஜிலேபி. இதுவும் கடல் தாண்டி வந்ததுதான், நம் கெண்டை முட்டை போடும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது என்றேன். ஒரு பெண் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பாவுக்குக் கார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை.

"ஐயா, நாங்க மதுரையில இருந்து வந்து மூணு வருஷந்தான் ஆகுது. இந்த மீன் எங்களுக்கு முன்னாடியே இங்க இருக்கு. அப்ப யாரு வெளியூரு?"

குடலுக்குள்ளே

மறுவாரம் ஒரு கெளுத்தியை அறுத்துக் காட்டினேன். வயிற்றில் மூன்று விரால் குஞ்சுகள். ஏரியில் விரால் இன்னும் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று புரியவில்லை.

அந்தச் சூட்டோடு இரண்டாவதையும் அறுத்தேன். உள்ளே பரோட்டாத் துண்டும் கோழி எலும்பும். கம்பெனிச் சாப்பாட்டு மிச்சத்தை ராத்திரியில் யாரோ ஏரியில் கொட்டுகிறார்கள். பின்வரிசையில் ஒருவன் சொன்னான்:

"ஐயா, இது கேன்டீன்ல சாப்ட்டுகினு கீது."

ஊதாப் பூ

வாராவாரம் என் வாயால் ஏழுமலை பெயரைக் கேட்ட பிள்ளைகள், ஒருநாள் கரைமேல் வந்த அவன் வண்டியையே மறித்துவிட்டார்கள். கெளுத்தியைக் கொட்டினது நீங்கதானா என்று நேராகவே கேட்டார்கள். எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த நிமிஷம். அவன் நிதானமாக வண்டியை நிறுத்தி, ஏரியை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையைக் கைகாட்டினான்.

"கெளுத்திய அப்பால பேசலாம். கல்யாணமான புதுசுல, பொண்டாட்டிக்குப் பூ புடிக்கும்னு மணிமங்கலத்துலர்ந்து சைக்கிள்ல ஒரு பக்கெட் கொண்டாந்து இத வுட்டது யாருன்னு, மொதல்ல உங்க வாத்தியாரக் கேளுங்க."

என் பூவை நான் அங்கேயே ஒத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இன்றுவரை பிடுங்கியும் வருகிறேன். ஏழுமலை சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி.