முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு நாலு

உவர்மலையில் றொபேட்டின் கோபத்துக்குத் தனி மரியாதை இருந்தது. அவர் கோபிக்காத நாளில் அவருக்குக் காய்ச்சலோ என்று அயலவர்கள் எல்சியிடம் விசாரிப்பார்கள். பால்மாவின் விலைக்கும், மின்வெட்டுக்கும், வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் செவ்வரத்தைப் பூக்களைத் தின்னும் ஊர் மான்களுக்கும் அவர் பாரபட்சமின்றி ஒரே அளவில் கோபிப்பார்.

வயது ஐம்பத்து நாலு. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பாரந்தூக்கி இயக்குகிறார். அந்த வேலைக்கு ஒரு சட்டம்தான் உண்டு. கீழே நிற்கும் ஒருவர் கை காட்டுவார். மேலே இருப்பவர் அந்தக் கையைப் பார்த்துத் தூக்குவார், இறக்குவார். இரண்டு பேர் கை காட்டினால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சிமெந்து மூட்டையைக்கூட அவர் கடலுக்குக் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதர், எதற்கெடுத்தாலும் எல்லோரும் கை உயர்த்துகிற ஒரு மன்றத்தில் போய்ச் சேர்ந்தார் என்றால் அதற்குக் காரணம் ஒரு கார். முதுகு உருண்ட, இயந்திரம் பின்னால் இருக்கிற ஆமைக் கார். றொபேட்டைவிட மூன்று வயது மூத்தது. கியர் மாற்றும்போதெல்லாம் கோப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம் போட்டு, ஒரு நாள் முற்றாக நின்றது. அதற்குப் பிறகு ஆறு வருடம் அவருடைய போர்ட்டிக்கோவில் நாலு செங்கல்லின் மேல் தவம் இருந்தது. அந்த ஆறு வருடமும் றொபேட் எல்சிக்குச் சொன்ன ஒரே வாக்கியம், "வாற மாசம் ஓடும்."

எல்சி பாடசாலைச் சீருடை தைப்பவர். அதிகம் கதைக்கமாட்டார், கதைத்தால் திகதி போட்டுக் கதைப்பார்.

"இஞ்சாருங்கோ," என்றார் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே. "இருபதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்கு என்னை உந்தக் காரிலை பூசைக்குக் கொண்டுபோனால் கார் இருக்கும். இல்லையெண்டால் திங்கட்கிழமை காலமை புல்மோட்டையிலையிருந்து பழைய இரும்பு எடுக்கிறவர் வருவார். பின்னேரம் போர்ட்டிக்கோவுக்கு மூண்டு தையல் மெஷின் வரும். ரெண்டு பேருக்கும் சொல்லிப்போட்டன்."

றொபேட் கோபித்தார். எல்சி மீன் துண்டை அவருடைய தட்டில் வைத்தார். விவாதம் முடிந்தது.

அப்படித்தான் கார் இழுத்துச் செல்லப்பட்டு, திருகோணமலைப் பழங்கார் அபிமானிகள் மன்றத்தின் பட்டறையை அடைந்தது. இந்த மன்றத்தில் உறுப்பினர்கள் நாலு பேர், கார்கள் மூன்று, ஓடுகிற கார் ஒன்றும் இல்லை. தலைவர் அப்துல் மஜீத், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்; எல்லோருக்கும் 'மஜீத் சேர்'. செயலாளர் இராகுலன், மருந்துக்கடைக்காரர். எவருடைய கையெழுத்தையும் வாசிக்க வல்லவர் என்பதால் கூட்டறிக்கைப் புத்தகம் அவரிடம் இருந்தது. மூன்றாமவர் பாஹிம். உட்துறைமுக வீதியில் மீனுக்கு ஐஸ் விற்பவர். அவருடைய ஐஸ் கொட்டிலின் பின்பக்கம்தான் பட்டறை. நாலாமவர் றொபேட்.

மன்றத்துக்கு யாப்பு ஒன்று உண்டு. யாப்பின் இரண்டாம் பிரிவின்படி எந்த ஆணியையும் கரம் உயர்த்தி வாக்கெடுத்த பின்னரே கழற்றலாம். கூட்டறிக்கையில், "இயந்திரம் இறக்கப்பட்டது. முன்மொழிந்தவர் பாஹிம். வழிமொழிந்தவர் இராகுலன்" என்று எழுதியிருக்கிறது. பாராளுமன்றம் ஒன்று கார் திருத்தினால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பிய எவரும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஐஸ் கொட்டிலின் பின்பக்கம் போனால் போதும். பார்வையாளர்களுக்குப் பால் விடாத பிளேன்ரீயும் உண்டு.

கியர்பொக்ஸைப் பிரித்தபோது உள்ளே ஒரு பெரிய பற்சக்கரம் இருந்தது. கிறவுண் வீல் என்பார்கள். கியரில் இருந்து வருகிற சுழற்சியை வாங்கிப் பின் சில்லுகள் இரண்டுக்கும் கொடுப்பது அதன் வேலை. இந்தக் காரில் அது இடப்பக்கமும் பொருந்தும், வலப்பக்கமும் பொருந்தும். பொருந்துகிற இடமெல்லாம் சரியான இடம் அல்ல என்பதைப் பாரந்தூக்கியில் கற்ற றொபேட், எல்சியின் நகப்பூச்சுப் போத்தலைக் காற்சட்டைப் பையில் கொண்டுவந்து, சக்கரம் இருந்த இடப்பக்கத்தில் பெட்டிக்கு ஒரு சிவப்புப் பொட்டும் சக்கரத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை றொபேட்டுக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் இல்லாத நேரத்தில் மஜீத் சேர் பாகங்களை எல்லாம் மண்ணெண்ணெயிலும் பிறகு பெயின்ற் கரைக்கும் தின்னரிலும் கழுவினார். முப்பது வருடம் பாடசாலைச் சுவரில் "சுத்தம் சுகம் தரும்" என்று எழுதி வைத்தவர், சிவப்புப் பொட்டை விடுவாரா? பொட்டு அழியும்வரை தேய்த்தார். பிறகு பாகங்களைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்துகிற ஒழுங்கில், உயரப்படி வரிசையாக நிறுத்தினார். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதைக் கடவுளும் றொபேட்டும் மட்டுமே அறிவர் என்ற நிலை உண்டாகியது. மன்றத்தில் இந்த இருவரில் ஒருவருக்கே வாக்குரிமை இருந்தது.

பத்தொன்பதாம் திகதி சனிக்கிழமை. தேய்ந்த பாகங்களுக்குப் புதியவை வந்துவிட்டன. பூட்டுவதுதான் மிச்சம். மஜீத் சேர் ஒரு தடித்த கைநூலுடன் வந்திருந்தார். கிறவுண் வீல் வலப்பக்கம் இருக்கும் படத்தை விரித்து மேசையில் வைத்தார். றொபேட் அது இடப்பக்கம் என்றார். தான் பொட்டு வைத்ததையும், பொட்டை அழித்தவர் யார் என்பதையும் சற்று விரிவாக எடுத்துரைத்தார். வீதியில் போன இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"என்ரை கண்ணாலை பாத்தனான் சேர்."

"றொபேட், கண்ணால கண்டவர் ஒருவர். புத்தகம் எழுதினவங்க ஒரு கம்பனி," என்றார் மஜீத் சேர், பரீட்சை மண்டபத்துக் குரலில். "எதுக்கும் வாக்கெடுப்பம்."

மூன்று கைகள் வலப்பக்கத்துக்கு உயர்ந்தன. ஒரு கை இடப்பக்கத்துக்கு. இராகுலன், "உறுப்பினர் றொபேட் சத்தமாக மறுத்தார்" என்று எழுதினார். "சத்தமாக" என்ற சொல்லை நீக்கும்படி றொபேட் கேட்டார். அதுவும் வாக்குக்கு விடப்பட்டு, மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். அடுத்த நாள் ஞாயிறு. புல்மோட்டைக்காரர் லொறிக்கு டீசல் அடித்திருப்பார். றொபேட் பல்லைக் கடித்துக்கொண்டு, தான் பிழை என்று அறிந்த பக்கத்தில், தன் கையாலேயே ஆணிகளை இறுக்கினார். கடற்படைக் கப்பலுக்கு இறுக்குகிற மாதிரி இறுக்கினார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. இயந்திரம் முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றது. கியர்பொக்ஸில் கோப்பி அரைபடவில்லை. பாஹிம் கைதட்டினார். றொபேட் முதலாம் கியரைப் போட்டு, முன்னால் வீதியைப் பார்த்தபடி கிளச்சில் இருந்து கால் எடுத்தார். கார் பின்னால் பாய்ந்து பாஹிமின் வெள்ளை நுரை றெஜிபோம் மீன்பெட்டிகள் பதினொன்றை நொறுக்கியது.

இரண்டாம் கியர்: பின்னால், இன்னும் வேகமாக. மூன்றும் நாலும் பரிசோதிக்கப் பின்பக்கத்தில் இடம் போதவில்லை. றிவேஸ் கியரைப் போட்டார். கார் முனகிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், முன்னால் போனது. முன்னுக்கு ஒரு கியரும் பின்னுக்கு நாலு கியரும் கொண்ட வாகனம் ஒன்றை மன்றம் ஜனநாயக முறைப்படி படைத்திருந்தது.

இராகுலன்தான் கைநூலின் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். அது அதே கம்பனியின் வானுக்கு உரிய கைநூல். வானின் சில்லுகளுக்குள்ளே இன்னொரு சோடிப் பற்சக்கரம் இருந்து சுழற்சியைத் திருப்பிவிடும். ஆகவே வானில் கிறவுண் வீல் மறுபக்கம். எல்லாம் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது, யாரும் வாசிக்காத பக்கத்தில்.

"இஞ்ச பாருங்க றொபேட் அண்ணன்," என்றார் பாஹிம் மெல்ல. "கார் ஓடுது தானே."

றொபேட் அதற்குச் சொன்ன பதில் கூட்டறிக்கையில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டது இது: "கார் வெற்றிகரமாக ஓடியது. திசை பற்றி நாளை ஒன்பது மணிக்கு விசேட கூட்டத்தில் ஆராயப்படும்." பூசையோ ஏழு மணிக்கு.

அன்று இரவு, எல்சி தூங்கிய பிறகு, றொபேட் காரை றிவேஸிலேயே வீட்டுக்கு ஓட்டிவந்தார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்சி சேலை உடுத்து முன் ஆசனத்தில் அமர்ந்தார். றொபேட் றிவேஸைப் போட்டார். கார் அலறிக்கொண்டு உவர்மலை இறக்கத்தில் முன்னால் ஊர்ந்தது. சைக்கிள்கள் முந்திச் சென்றன. ஒரு மான் கொஞ்சத் தூரம் கூடவே நடந்துவந்து, சலித்துப்போய், அதுவும் முந்திச் சென்றது. எல்சி கியர்த் தடியின் குமிழில் கீறியிருந்த படத்தையும் தடி நின்ற இடத்தையும் பார்த்தார்.

"நீங்கள் றிவேஸிலை எல்லே போறீங்கள்?"

இல்லை என்றார். பிறகு ஓம் என்றார். பிறகு கைநூல், வாக்கெடுப்பு, தின்னர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார், நகப்பூச்சு உட்பட.

"அப்ப அது நீங்களா?" எல்சி முழுவதும் அவர் பக்கம் திரும்பினார். "நான் மூண்டு கிழமையாய்ப் புஸ்பராணியிலை சந்தேகப்பட்டு அவவோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பக்கத்து வீடு."

மிச்ச வழி முழுக்கக் காரில் இரண்டு கோபங்கள் பயணம் செய்தன. போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் முடிந்து காணிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து வந்தபோது, யாரோ காருக்கு முன்னால் வானை நிறுத்தியிருந்தார்; அதைச் சுற்றி எடுத்தால் கோயில் மதிலில்தான் முட்ட வேண்டும். பின்பக்கம் வீதி வெறுமையாகக் கிடந்தது. பட்டறை அரை மைல்.

"ஒன்பது மணிக்குக் கூட்டம் எண்டனீங்கள் எல்லே," என்றார் எல்சி. "போவம். நீங்கள் என்ரை கையை மட்டும் பாருங்கோ."

எல்சி ஆசனத்தில் முழங்கால் ஊன்றிப் பின்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி, றொபேட்டுக்குத் தெரிகிற உயரத்தில் வலக்கையை நீட்டினார். கை இடப்பக்கம் சாய்ந்தது; றொபேட் காரை அந்தப் பக்கம் சாய்த்தார். விரல்கள் மடங்கின, பிறேக்கை மிதித்தார். இரண்டாம் கியர். மூன்றாம் கியர். இருபத்தெட்டு வருடப் பழக்கம் காலுக்கும் கைக்கும் தானாக வந்தது. சந்தியில் நின்ற பொலிஸ்காரர் விசிலை வாய்வரை கொண்டுபோனார். இதை எந்தக் குற்றத்தின் கீழ் எழுதுவது என்று அவர் யோசித்து முடிக்குமுன் கார் முதுகை முன்னே காட்டியபடி கடந்துவிட்டது.

மஜீத் சேர் முந்திய கூட்டத்தின் அறிக்கையை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆமைக் கார் பின்புறமாக மண்டபத்துக்குள், அதாவது கொட்டிலுக்குள், பிரவேசித்து மேசைக்கு இரண்டடி முன்னால் நின்றது. றொபேட் இறங்கினார்.

"நான் விலகிறன். இண்டைக்கே. எழுதுங்கோ இராகுலன்."

"அண்ணை, அப்பிடி எழுத ஏலாது. யாப்பிலை இருக்கு, விலகிறதுக்கும் வாக்கெடுக்க வேணும்."

வாக்கெடுக்கப்பட்டது. விலகலுக்கு ஆதரவாக ஒரு கை, றொபேட்டுடையது. எதிராக மூன்று. றொபேட்டின் முகம் செவ்வரத்தை நிறமானது.

"கையைக் கீழை விடாதேங்கோ," என்றார் எல்சி.

மூவரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். மஜீத் சேரின் கை பாதி வழியில் நின்றது.

"அப்பிடியே வாங்கோ. மூண்டு பேரும். வந்து எஞ்சினைப் பிடியுங்கோ. என்ரை மனுசன் சொன்ன பக்கத்துக்குச் சக்கரத்தை மாத்தினாப் பிறகு கையைக் கீழை விடலாம்." பிறகு றொபேட்டின் பக்கம் திரும்பினார். "பூசைக்குக் கொண்டுபோனீங்கள்தான். அதாலை இரும்புக்காரரை வரவேண்டாம் எண்டு சொல்லிறன். ஆனால் காணிக்கை எடுக்கேக்கைதான் போனம். அதாலை மெஷின் மூண்டும் நாளைக்கு வரும். கார் இங்கைதான் நிக்கும், திருத்தினாப் பிறகும்."

றொபேட் வாய் திறந்தார். எல்சியின் கை உள்ளங்கை கீழ் நோக்க மெல்ல இறங்கியது. துறைமுகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இறக்கு. றொபேட் வாயை மூடிக்கொண்டு, காரைத் தூக்கும் ஜக்கை எடுத்தார்.

பின்னேரம் நாலு மணிக்கு கிறவுண் வீல் இடப்பக்கம் ஏறியது. மூடியைப் பூட்டுமுன் எல்சி கைப்பையில் இருந்து புதிய போத்தலை எடுத்து, சக்கரத்தில் ஒன்றும் பெட்டியில் ஒன்றுமாகச் சிவப்புப் பொட்டு வைத்தார். இதைக் கழுவக்கூடாது என்று மஜீத் சேரிடம் சொன்னார். முப்பது வருடம் மற்றவர்களுக்கு ஒழுங்கு சொன்ன மனிதர் தலையாட்டினார். ஆறு மணிக்கு, முதலாம் கியரில், கார் முன்னால் போனது.

இராகுலன் கைகூடத் துடைக்காமல் புத்தகத்தைத் திறந்து எழுதி வாசித்தார்: "மன்றத்தின் ஏகமனதான தீர்மானத்தின்படி கிறவுண் வீல் இடப்பக்கம் பூட்டப்பட்டது."

"ஏகமனதோ?" என்றார் றொபேட். "ஆர் ஏகமனது? அதை வெட்டுங்கோ."

மஜீத் சேர் தொண்டையைச் செருமினார். திருத்தம் வாக்குக்கு விடப்பட்டது. எதிராக மூன்று கைகள் உயர்ந்தன, முழங்கைவரை கிறீஸ்.