மீன் தண்ணீர் குடித்த பூ

எதிர்வீட்டுக் காயாரோகணம் நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரர். திருவாரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். பிரதீபாவும் அவரும் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அப்பா இறந்ததும் அம்மாவைத் தனியே விட அவளுக்கு மனம் வரவில்லை. படகை விட்டுவிட்டு இவரும் கூடவே வந்துவிட்டார். விடியற்காலையில் நாகைக்குப் போய், வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி மீன் கொண்டுவந்து ஊர் ஊராய் விற்பார். மத்தியானத்துக்கு மேல் கொல்லை மாமரத்தடியில் கயிற்றுக் கட்டில். வயலைத் தாண்டி வரும் காற்றைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

"அலை மாதிரியே இருக்குங்கக்கா" என்பார் என்னிடம். நெல்லுக்கு ஏது அலை என்று கேலி செய்வேன். ஒருநாள் நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். அலைதான்.

மாமியார் அகிலாண்டம்மாள் அவரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் பிரதீபா வழியாகத்தான். "கவிச்சி கூடம் வரைக்கும் வருதுன்னு சொல்லு." அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பார். பிரதீபா வேலைக்குப் போயிருந்தால் சுவரிடம் சொல்வார்.

போன வருஷம் சாலையை அகலப்படுத்தச் சாய்த்த மரம் ஒன்றில் ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்ததாம். காலி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வார் போல நீண்ட இலைகள், தடித்த வெள்ளை வேர்கள். குழி தோண்டவில்லை, தொட்டி வாங்கவில்லை. பழைய வலைத் துண்டால் மாமரக் கிளையில் வைத்துக் கட்டினார்.

அகிலாண்டம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அது அவர் கணவர் நட்ட மரம். "புல்லுருவி! மரத்த உறிஞ்சியே கொன்னுடும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டுன கதைதான்னு சொல்லு." செடியைத்தான் சொன்னார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிரதீபா செல்போனில் தேடிப் பார்த்தாள். "இது ஆர்க்கிட்மா. மரத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குமே தவிர உறிஞ்சாது."

"செல்போனா மரம் வச்சுது? அடுத்த மாங்கா வரைக்கும் இருக்கட்டும். காய் குறைஞ்சா அறுத்துடணும்னு சொல்லு."

"சரின்னு சொல்லு" என்றார் காயாரோகணம்.

மீன் கழுவிய தண்ணீரில் நிறைய நல்ல தண்ணீர் கலந்து வேரில் தெளிப்பார். "பூச்செடிக்கு மீன் தண்ணியாம்!" என்பார் மாமியார். சுவர் கேட்டுக்கொள்ளும். மெல்ல மெல்ல வேர்கள் வலையை மூடிப் பட்டையைப் பிடித்துக்கொண்டன. சித்திரைக் கடைசியில் மொட்டும் வந்தது. "கனாவுல வலை இழுக்குறேங்கக்கா. மீனுக்குப் பதிலா பூவா வருது" என்று சிரித்தார்.

ஆனால் இந்த வருஷம் பனியில் மாம்பூ கருகி, ஊரெல்லாம் காய் குறைவு. அவர்கள் மரத்தில் பாதிகூட இல்லை.

"பனியாலதான்னு சொல்லுங்களேன். மொட்டு வந்திருக்குன்னாவது சொல்லுங்க" என்றேன்.

"வேண்டாங்கக்கா. கெஞ்சிக்கிட்டு இருக்கக் கூடாது."

வைகாசியில் ஒரு காலை, ஏணியைச் சாத்திக் கத்தியோடு ஏறினார். பிரதீபா வேலைக்குப் போயிருந்தாள். நான் அவர்கள் கொல்லையில்தான் நின்றிருந்தேன். பார்க்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அன்றைக்கென்று பூ விரிந்திருந்தது. மஞ்சளில் பழுப்புக் கட்டம், நடுவில் நீல நாக்கு. நாரத்தம்பூவும் பழுத்த திராட்சையும் கலந்தது போன்ற வாசனை கொல்லை முழுதும் இறங்கி, எனக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. அகிலாண்டம்மாளும் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

கத்தி முனையால் ஒரு வேரை மெதுவாகத் தூக்கினார் காயாரோகணம். "பட்டையில ஒரு கீறல்கூட இல்லீங்கக்கா" என்றார் என்னிடம். பிறகு அடுத்த வேருக்குக் கத்தியைக் கொண்டுபோனார்.

அகிலாண்டம்மாள் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு ஏணியின் பக்கம் திரும்பி நிமிர்ந்து பார்த்தார்.

"மரத்துக்கு அது ஒண்ணும் பாரமில்ல. இறங்கி வாங்க, மாப்ள."

அவர் உடனே இறங்கவில்லை. ஒரு கையில் கிளை, ஒரு கையில் கத்தி. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.