யாருக்கும் காட்டக் கூடாத அடுப்பு

இந்த வருடம் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே எங்கள் செம்பூர் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது. கட்டடத்தின் காம்பவுண்டிலும் மொட்டைமாடியிலும் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது. சரி, ஊரோடு ஒத்து வாழ்வோம் என்று இண்டக்‌ஷன் அடுப்பில் பால் வைத்தேன். வெண்கலப் பானையை அது ஏற்றுக்கொள்ளாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. பால் பொங்கி வழிந்ததுதான் தாமதம், அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானாக அணைந்துபோனது. கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கப் புத்தகத்தைப் புரட்டினார். "வழிஞ்சா ஏதோ கோளாறுன்னு அர்த்தமாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

கண்ணாடித் தட்டின் மேல் தீய்ந்த பாலைச் சுரண்டும்போது அந்த வாசனையில் இன்ஜினியர் அண்ணாச்சி நினைவில் வந்து நின்றார். இந்த அடுப்பைப் பார்த்திருந்தால் பாலை விட்டுவிட்டு முதலில் திருப்புளியைத் தேடியிருப்பார்.

நான் வளர்ந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் கோலிக்கு நேர் எதிர் கோலி அவருடையது. கோலி என்றால் வேறொன்றுமில்லை, ஒற்றை அறை, அதுதான் வீடு. எங்கள் வரிசையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த ஒரே ஆள். வடாலாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுத் தாராவியில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வைத்தார். எதற்காக விட்டீர்கள் என்று கேட்டால், "அங்க அவன் சொன்னதச் செய்யணும். இங்க எனக்குத் தோணுனதச் செய்யலாம்லா?" என்பார். நான் அப்போதுதான் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். "ஏட்டி, சும்மாத்தான இருக்க? வந்து டைப் அடி" என்று கூப்பிட்டார். போனேன். அவருடைய பேட்டன்ட் விண்ணப்பங்களை அடிப்பதுதான் என் முதல் உத்தியோகம்.

சொல்லப்படாத இன்னொரு வேலையும் இருந்தது. எதைச் செய்தாலும் முதலில் என் கையில் கொடுப்பார். "இவ கையில உடையலேன்னா எவ கையிலயும் உடையாது" என்று பட்டறையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் தொட்டு உடையாதது அந்தப் பட்டறையில் பட்டறைக்கல் ஒன்றுதான்.

மனிதருக்கு இன்னதில்தான் புத்தி போகும் என்று கிடையாது. அடுத்த சந்தில் தோல் வெட்டும் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனது. இரண்டு கையாலும் இரண்டு பிடிகளை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி ஒன்று செய்தார். அதற்குப் பேட்டன்ட் கிடைத்தது. மழைக்காலத்து ரயிலில் பக்கத்து ஆளின் குடை நம் செருப்பில் சொட்டுமே, அதற்குக் குடை நுனியில் மாட்ட ஒரு குப்பி. அதற்கும் கிடைத்தது. பொதுக்குழாயில் ரப்பர் டியூப் மாட்டி டிரம்மில் தண்ணீர் விட்டுவிட்டுத் தூங்கிப்போகிறவர்களுக்காக, நிரம்பினால் ஊதுகிற விசில். அதில்தான் ஒரு தொல்லை. விடிகாலையில் எல்லா டிரம்மும் ஒரே குரலில் ஊதும். வரிசை முழுவதும் எழுந்து ஓடும். அண்ணாச்சி அசரவில்லை, டிரம்முக்கு ஒரு சுருதி வைக்க அடுத்த விண்ணப்பம் போட்டுவிட்டார்.

அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மைனி என்போம். மைனிக்குப் புகை ஆகாது, இளைப்பு வந்துவிடும். வெந்நீர் போட விறகு மூட்டும்போதெல்லாம் மூச்சுக்குத் திணறுவாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணாச்சி அந்த அடுப்பைச் செய்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தகரச் சுவர். நடுவில் போகிற காற்று சூடாகி மேலே வந்து புகையையே எரித்துவிடும். புனே பக்கம் ஓர் அடுப்புக் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். பேட்டன்ட் மட்டும் வாங்கிவிடுங்கள், நாங்களே செய்து விற்கிறோம் என்றார். அது நடந்தால் செம்பூரில் ஒரு ஃபிளாட். மைனிக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. "வீட்டுக்குள்ள ஒரு குழா வேணும்ட்டி. கதவச் சாத்திக்கிட்டுத் தண்ணி பிடிக்கணும்" என்பாள். குழாயடியில் வரிசைக்காகச் சண்டை போட்டவர்களுக்குத்தான் அந்த ஆசையின் அருமை தெரியும்.

பேட்டன்ட்டில் ஒரு விதி உண்டு. விண்ணப்பம் போடுவதற்கு முன் சாமானைப் பொதுவில் காட்டிவிட்டால் போயிற்று, அது புதியது ஆகாது. அதனால் ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி எல்லோரிடமும் சொல்கிற ஒரே வார்த்தை, "யாருக்கும் காட்டாத."

விண்ணப்பத்தை நான் பாதி அடித்திருந்தபோது பொங்கல் வந்தது. கேம்ப்பில் பொங்கல் என்றால் ரோட்டில்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செங்கல் வைத்துப் பானை ஏற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருடம் காற்று சுழன்று அடித்தது. ஒரு அடுப்பும் பிடிக்கவில்லை. ரோடு முழுக்கப் புகை. மைனிக்கு இளைப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியோ தங்கையை அழைத்துவரக் கல்யாணுக்குப் போயிருந்தார். மைனி எழுந்தாள், உள்ளே போனாள், அந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நடுரோட்டில் வைத்தாள்.

முதலில் பொங்கியது மைனியின் பானைதான். குலவை போட்டுக்கொண்டே எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். "என்னம்மா இது, புகையவே காணோம்!" என்று ஒருத்தி கேட்டாள். பொங்கலை இறக்கி, அடுப்பு ஆறியதும் மைனி அதைப் பிரித்தே காட்டினாள். "இந்தா, இந்த ஓட்ட வழியாத்தான் காத்து உள்ள போவுது" என்று விளக்கம் வேறு. அப்புறம் அதே அடுப்பில் வரிசையாக மற்றவர்களின் பானைகள் ஏறின. மூன்றாவது பானை என் அம்மாவுடையது.

அண்ணாச்சி கையில் கரும்போடும் கூடத் தங்கையோடும் திரும்பி வந்தார். நடுரோட்டில் அடுப்பு. கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கும் காட்டாதன்னு சொன்னேம்லா?"

"யாருக்குக் காட்டுனேன்? நம்ம ஆளுகதான பாத்தாவ!" என்றாள் மைனி. அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் எங்கள் வரிசைப் பெண்கள் 'யாரும்' என்பதற்குள் வரவே மாட்டார்கள்.

கோட்டைப் பக்கம் இருந்த பேட்டன்ட் ஏஜென்ட்டிடம் போனபோது, அடித்த தாள்களோடு நானும் கூடப் போயிருந்தேன். அவரும் தமிழர்தான், மாட்டுங்காவில் மாடி வீட்டுக்காரர். அண்ணாச்சி மேல் அவருக்கு உண்மையான பிரியம்.

"இத எப்பவாவது பப்ளிக்கா காட்டினேளா?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"பொங்கலன்னைக்கு ரோட்டுல வச்சாச்சு, சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் பார்த்தா?"

"எங்க வரிசைப் பொம்பளைங்க பூராப் பேரும்."

"அவ்வளவுதானே? பயந்துட்டேன். ஜோப்பட்பட்டிக் குடிசை லேடீஸ் நாலு பேர் பார்த்தா அது பப்ளிக்கா, சார்? அவாள்லாம் வந்து அப்ஜெக்‌ஷன் பண்ணப் போறாளா? இல்லைன்னு போட்டுடறேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மாவின் பானை கண் முன்னால் நின்றது. அண்ணாச்சி தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிரிச்சே காட்டியிருக்கா, சார். இன்னைக்குப் போய்க் கேட்டாலும் எப்படிச் செய்யணும்னு ஒவ்வொருத்தியும் சொல்லுவா. அவங்க பப்ளிக் இல்லேன்னா, வேற யாரு சார் பப்ளிக்?"

தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் மைனி அழுதாள். "பாக்கலேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டாள். "பாத்தாவல்லா?" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான் பேச்சு. அவர் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் விடியும் முன் குடத்தோடு குழாயடிக்குப் போனது அவரில்லை, மைனி. எனக்கு மைனி மேல்தான் பாவமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

புனேக்காரர் அப்புறம் வரவில்லை. ஆனால் அடுப்பு நிற்கவில்லை. எண்ணெய் டின்னை வெட்டித் தகர வேலைக்காரர்கள் செய்ய ஆரம்பித்தார்கள். அளவு கேட்டு வந்தவர்களுக்கு அண்ணாச்சி பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். தாராவி, வடாலா என்று எங்கு பார்த்தாலும் வாசலில் அது நின்றது. பேட்டன்ட் வாங்கிய குடைக் குப்பியை, சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் அவரும் தவிர ஒருவரும் மாட்டிப் பார்த்ததில்லை.

எல்லாம் போய்விட்டது. டிரம்கள் போயின, விசில்கள் ஓய்ந்தன. பேட்டன்ட்டுகளெல்லாம் காலாவதியாகிவிட்டன. காஸ் வந்த பிறகு அந்த அடுப்புகளில் கொஞ்ச நாள் துளசி வளர்ந்தது, அப்புறம் அவை பழைய இரும்புக்குப் போயின. பட்டறை இருந்த இடத்தில் மொபைல் கடை. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மைனி கல்யாணில் மகன் வீட்டில் இருக்கிறாள். அங்கே அடுப்படியில் ஒரு குழாய், குளியலறையில் இரண்டு, பால்கனியில்கூட ஒன்று.

பாலைச் சுரண்டிக் கையைக் கழுவிவிட்டு மைனிக்கு போன் போட்டேன்.

"என்னட்டி, பொங்குச்சா?"

"பொங்குச்சு மைனி. பொங்குனதும் அடுப்பு தப்புன்னு சொல்லி அணைஞ்சிட்டு."

இளைப்பு வரும்வரை சிரித்தாள். அங்கே எப்படி என்று கேட்டேன். "இங்கயும் கதவச் சாத்திக்கிட்டுத்தாம்ட்டி பொங்குனோம்" என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

"பால் பொங்கையில யாரெல்லாம் பாத்தாவ?"

"யாரும் பாக்கல மைனி. நாங்க ரெண்டு பேருதான்."

"அப்பச் சரி" என்றாள் மைனி. "அதுக்கு பேட்டன்ட் குடுத்துருவான்."