காற்று பத்தாத வயல்

திடலில் அந்தக் கம்பம் முளைத்த அன்று நான் டீக்கடையில் இருந்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே, எங்கள் வாய்க்காலுக்கு அக்கரையில், ஒன்றும் விளையாமல் கிடக்கும் மேட்டு நிலம் அது. நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிய ஒல்லிக் கம்பம். உச்சியில் கிண்ணம் கிண்ணமாக ஏதோ சுழன்றது. காற்றாலை வைக்கலாமா என்று காற்றை அளக்கிறார்களாம்.

"காத்த அளந்து என்னண்ணே பண்ணுவாங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மொதல்ல அளப்பாங்க. அப்பறம் மீட்டர் வப்பாங்க. மூச்சு விடுறதுக்கு மாசாமாசம் பில்லு வரும்."

இரண்டு கட்சிக் கரைவேட்டிகளும் ஒரே பெஞ்சில் சேர்ந்து சிரித்த அபூர்வமான காலை அது. அந்த உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் எடுத்துவிட்டேன். காத்தாடி சுழன்றால் மழை மேகம் மிரண்டு ராமநாதபுரம் பக்கம் ஓடிவிடும். பூத்து நிற்கும் நெல்லுக்குக் காற்று கிடைக்காமல் கதிரெல்லாம் பதராகும். ஒரு காத்தாடி நட ஊரில் பாதியைக் காலி செய்ய வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் முடிவெட்டப் போனேன். சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் காதருகே குனிந்தார். "அண்ணே, விஷயம் தெரியுமா? காத்தாடி வந்தா நெல்லு பதராயிடுமாம். நீடாமங்கலத்துல ஆபீசர் ஒருத்தரே சொன்னாராம்."

நான் பெற்ற புளுகு, ஆபீசர் வேலை கிடைத்து ஊர் திரும்பியிருந்தது. சிரித்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. ஆபீசரே சொல்கிறார் என்றால்?

பயந்ததற்குக் காரணம் உண்டு. திடலும் நான் சாகுபடி செய்யும் வயலும் ஒரே பட்டா; திடல் கைமாறினால் வயலும் கூடவே போகலாம். சொந்தக்காரர் வெளிநாட்டில்; மன்னார்குடியில் இருக்கும் அவர் மைத்துனர்தான் காரியம் பார்க்கிறார். என் அப்பா அந்த வயலில் கூலிக்கு இறங்கி, கொடி பிடித்து, அடி வாங்கி, கடைசியில் குத்தகைக்காரராகக் கரையேறியவர். ஆனால் குத்தகையை எழுத்தில் பதிய நிலக்காரர்கள் விட்டதே இல்லை. ஆட்சி மாற மாற மேடையில் எங்களுக்கு நிலம் கிடைத்துக்கொண்டே இருந்தது. தாலுகா ஆபீசில் எங்கள் பேர் ஏறவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே பிடி ஊர் வழக்கம்: பயிர் நிற்கிற வயலில் யாரும் கைவைக்க மாட்டார்கள். வெறும் வயலாகக் கிடக்கும் மாதங்கள்தான் ஆபத்து. இப்போது ஆனி. வயல் மொட்டையாகக் கிடந்தது.

அந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை. வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்தது. ஊரே சம்பாவுக்குக் காத்திருக்க, நான் மட்டும் நடுவது என்று முடிவு செய்தேன். பக்கத்து போர்செட்டுக்காரரிடம் கெஞ்சித் தண்ணீரும், அவர் நாற்றங்காலில் மிஞ்சிய நாற்றும் வாங்கினேன். நடவுக்கு வந்த பெண்களில் மூத்தவர் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, நாத்து இன்னும் தாய்ப்பாலே மறக்கலையே. யாரு தொரத்துறாங்க ஒங்கள?"

"காத்தாடி" என்றேன். மொத்த வரிசையும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஆடி பிறந்தது. எந்தக் காற்றைக் காத்தாடி விழுங்கிவிடும் என்று பயந்தேனோ, அது வஞ்சனையில்லாமல் வீசி நாற்றின் நுனியையெல்லாம் கருக்கியது. மனைவி வரப்பில் நின்று பார்த்தாள்.

"மேல பாத்துப் பாத்து பயந்து, கீழ பயிரக் கோட்ட விட்டீங்களே."

பாதி போனது. மழை வந்ததும் செத்த இடங்களில் சம்பா நாற்றைச் சொருகினேன். பள்ளிக்கூடப் பிரேயர் வரிசை மாதிரி, குட்டையும் நெட்டையுமாக ஒரு வயல்.

மறு வருடம் கார்த்திகையில் கம்பத்தை இறக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு தென்காசிக்காரருக்கு டீ வாங்கிக்கொடுத்து விசாரித்தேன்.

"எங்க வயல்லயே காத்தாடி நிக்கி, அண்ணாச்சி. ஒரு வீடு கட்டுத எடம், வண்டி வர ஒரு பாதை, அவ்வளவுதான். அது பக்கத்துலயே உளுந்து போடுதோம்."

"மழை?"

"பெய்யுத வருசம் பெய்யும். பெய்யாத வருசம் காத்தாடி இல்லாத ஊர்லயும் பெய்யாது."

"நெல்லு பதராயிடும்னு ஆபீசர் ஒருத்தரே..."

"எந்த ஆபீசரு?"

சொல்ல முடியுமா? டீ ஆறிவிடும், குடியுங்கள் என்றேன். போகும்போது அவரே சொன்னார்: "இங்க வைக்க மாட்டாங்க, அண்ணாச்சி. காத்து பத்தாது."

நிம்மதி வந்தது; கூடவே ரோஷமும். என் பயிரைக் கருக்கிய காற்று பத்தாதாம்.

அந்த நிம்மதி தை வரைக்கும் தாங்கியது. மைத்துனர் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவரோடு காரில் வந்து இறங்கினார். அந்த வாரமே திடலில் மஞ்சள் கற்களை நட்டு, கயிறு கட்டி, கலர் கலராகக் கொடி தொங்கவிட்டார்கள். வீட்டு மனை. கம்பம் நின்ற இடம் மூலை மனை. கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அதற்கு மட்டும் காற்று பத்தியது.

பிறகு மைத்துனர் வாய்க்காலைத் தாண்டி என் வரப்புக்கே வந்தார்.

"அறுப்பு எப்பய்யா?"

"இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் ஆவுங்க."

"அறுத்ததும் சும்மா போட்டு வை. பேசிக்கலாம்."

"உளுந்து தெளிச்சிட்டேங்களே" என்றேன். அறுப்புக்கு முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பது அவருக்கும் தெரியும். நான் இன்னும் தெளிக்கவே இல்லை என்பதை மட்டும் நெல் மறைத்துக்கொண்டிருந்தது.

"அப்படியா" என்று கொடிகளைப் பார்த்தார். "அப்ப சித்திரையில வரேன்."

கார் மறைந்ததும் வீட்டுக்கு ஓடினேன். விதை வாங்கியிருக்கவில்லை. அடுப்படியில் இருந்த, உடைக்காத தோல் உளுந்து டின்னைத் தூக்கினேன்.

"ஏங்க, அது வடைக்கு வச்சதுங்க!"

"வட அப்பறம் சுடலாம். இப்ப நம்ம தலைக்கு மேல எண்ணெ காயிது" என்றபடி விஷயத்தைச் சொன்னேன். அவள் பரணில் இருந்த இன்னொரு டின்னை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

நான் இந்த வரப்பிலிருந்து, அவள் அந்த வரப்பிலிருந்து, நெல்லை விலக்கி விலக்கித் தெளித்துக்கொண்டு வந்தோம். நடுவில் சந்தித்தபோது கேட்டாள்:

"உளுந்து பறிச்சதும் என்ன போடுறது?"

"எள்ளு."

"அதுக்கப்பறம்?"

அக்கரையில் கொடிகள் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி, டின்னின் அடியைத் தட்டிக்கொண்டே நடந்தேன்.