சின்னன் பக்கம் பேசிய முத்தாயி

என் அண்ணன் பெண்டாட்டி முத்தாயிக்கு எஸ்டேட்டில் வாயாடி என்று பெயர். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவளைப்போல் காதுகொடுத்துக் கேட்பவளை நான் பார்த்ததில்லை. மலைமேல் தலைச்சோலைப் பக்கம் வெள்ளைக்கார துரையின் காப்பித் தோட்டத்தில் என்னோடு பழம் பறித்தவள், எனக்குத் தெரியாதா?

ஒரு வருடம் பழம் பறிக்கும் காலத்தில், எஸ்டேட்டுக்குக் கீழே காடு வைத்திருந்த மலைக்காரர் சின்னன் எஸ்டேட் வாய்க்காலைக் கல் அடுக்கி அடைத்துவிட்டு, கடப்பாரையோடு உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் இல்லாமல் பழத்தோல் உரிக்கும் பல்பர் ஓடாது. பறித்த அன்றே உரிக்காவிட்டால் பழம் புளித்துப்போகும். புளித்தால் எங்களையெல்லாம் கீழே அனுப்பிவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். கீழே எங்களுக்கு வீடும் இல்லை, உழுது பிழைக்கக் காடும் இல்லை.

மேஸ்திரி பெரியசாமி பத்து ஆளோடு கிளம்பினார். முத்தாயி கூடையை இறக்கிவிட்டு வழியை மறித்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி, அவரு எதுக்கு அடைச்சாருன்னு கேட்டீங்களா?"

"கேக்கறதென்ன? திமிரு!"

"அப்ப நாங் கேக்கறேன். அதுவரைக்கும் ஆரும் வாயத் தொறக்கப்படாது."

சின்னனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, மொதல்ல உங்க பக்கத்த நாஞ் சொல்றனுங்க. தப்புன்னா திருத்துங்க. நீங்க செரின்னப்பறந்தான் எங்க பக்கம் பேசுவேன். பல்பர் கழிவுத்தண்ணி ஓடையில எறங்குது, உங்க மாடு குடிக்கமாட்டேங்குது. செரிதானுங்களா?"

சின்னன் சிரித்துவிட்டார். "எம் மாடு மேல ஊத்துல குடிக்குது அம்மணி. போன வருசம் வந்த எஸ்டேட் கணக்கு ரைட்டரும் இதையேதான் சொல்லி, ஒரு தொட்டியக் கட்டிக் குடுத்துட்டுப் போனான். கருகறது எங் கேவுரு நாத்து!"

"கழிவு உங்க காட்டுக்குள்ள வரப்படாது. இப்பச் செரியுங்களா?"

"செரி." கடப்பாரை மடியிலிருந்து தரைக்கு இறங்கியது.

"எங்க பக்கம் இவ்வளவுதானுங்க. இன்னிக்குப் பழம் புளிச்சா நாங்க மலையில இருக்கமுடியாது."

"தொரைக்குத்தான நட்டம்னு நெனச்சேன்." சின்னன் எழுந்தார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். "அந்தப் பாறைச் சரிவுல குழி வெட்டிக் கழிவத் திருப்புங்க. இன்னிக்கே வெட்டோணும்."

"தொரையக் கேக்கோணுமே," என்றார் பெரியசாமி.

"பழத்தக் காப்பாத்திட்டுக் கேளுங்க மேஸ்திரி!" என்றாள் முத்தாயி.

சண்டைக்கு வந்த பத்துப் பேரும் குழி வெட்டினார்கள். அடைத்த கல்லைச் சின்னனே எடுத்தார். பொழுது சாய்வதற்குள் பல்பர் ஓடியது. எங்களை யாரும் கீழே அனுப்பவில்லை.

பத்து ஆளைப் பார்த்துத்தான் சின்னன் பயந்தார் என்று பெரியசாமி கடைசிவரை சொல்லித் திரிந்தார். பயந்தவர் குழி வெட்டத் தன் கடப்பாரையையே எதற்குக் கொடுத்தார்? அதைக் கேட்டால் மட்டும் மேஸ்திரிக்கு வேறு வேலை வந்துவிடும்.