மழைக்குத் திருப்பிய பை

நேற்று குற்றாலத்துக்குக் குளிக்கப் போன என் வீட்டுக்காரர் ரம்புட்டான் வாங்கிக்கொண்டு வந்தார். பழத்தைக் கொட்டின பிறகுதான் பையைப் பார்த்தேன். அட பாவி மனுஷா, அது என் பழைய ஆபீஸ் பை!

கிராமம் கிராமமாகப் போய் எச்.ஐ.வி. பற்றிப் பேசுகிற ஆலோசகர் வேலையில் நான் சேர்ந்தபோது, தென்காசியில் மூன்று நாள் பயிற்சி. மூன்று நாளும் ஒரே பாட்டு: ரகசியம் காக்கணும், ரகசியம் காக்கணும். முடிவில் ஆளுக்கொரு ரெக்சின் பை கொடுத்தார்கள். அதில் பஸ் போர்டு அளவுக்குச் சிவப்பு எழுத்தில் 'எய்ட்ஸ் தடுப்புத் திட்டம்'. எந்த மகராசன் மூளையோ, நல்லா இருக்கட்டும்.

நாங்கள் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, துணிப்பக்கம் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு அலைந்தோம். சிவகிரிப் பக்கம் ஒரு ஊரில், தெருவின் கடைசி வீட்டில் மாசமான பிள்ளை ஒருத்தி. பேரைச் சொல்லமாட்டேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அவளுக்குத் தொற்று இருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு வராமல் காப்பாற்றலாம். அதற்குத்தான் மாசாமாசம் போனேன்.

"மாத்திரையத் தப்பாம திங்கேன்க்கா. தெருவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது" என்பாள்.

அதனால் அந்த ஒரு வீட்டுக்காகத் தெருவில் பதினொரு வீடும் ஏறி இறங்குவேன். சத்துமாவு, ரத்தசோகை என்று எதையாவது பேசி, பதினொரு வீட்டுக் காப்பியும் குடிப்பேன். அவள் வீட்டுக் காப்பிதான் கொஞ்சம் குடிக்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. பைக்குள் மாத அறிக்கைத் தாள்கள். நனைந்தால் மேலதிகாரி வறுத்தெடுத்துவிடுவார். ரெக்சின் பக்கம் வெளியே வரும்படி பையைத் திருப்பினேன். கெட்டிக்காரி! மற்ற வீடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று நேரே அவள் வீட்டுக்கு ஓடினேன். எதிர்க்கடை அண்ணாச்சி எழுத்துக்கூட்டிப் படித்த சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

"எய்ட்ஸ்... ஏட்டி, இங்கன வா. அந்த வீட்டுக்குள்ள போறா பாரு!"

தன் வீட்டு வாசலில் நின்றவள் முகம் செத்துப்போனது. கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் எழுத்து பளிச்சென்று தெரியப் பையை மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். முதலில் அண்ணாச்சி வீடு.

"எம்மா, எங்க வீட்டுக்கு எதுக்கு வாரீய?" என்று பதறினார்.

"ஒங்க வீட்டுக்குத்தான் அண்ணாச்சி மொதல்ல" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பத்து வீட்டிலும் அப்படித்தான். இனி எவன் எந்த வீட்டைக் கைகாட்டுவான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. காலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாளாம். எந்த ஊருக்கென்று யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கும் அவள் வரவே இல்லை.

திட்டமும் முடிந்தது, ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பையில் சிவப்பெழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது, யார் வேண்டுமானாலும் எந்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம். அவள் வயிற்றுப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்திருந்தால் இந்நேரம் பள்ளிக்கூடம் போகும்.

அன்றைக்கு மழையில் தாள் ஒன்றுகூட நனையவில்லை. அதில் பேருக்குப் பதிலாகப் போட்டிருந்த அவள் நம்பருக்கு நேரே பிறகு நான்தான் எழுதினேன்: 'தொடர்பில் இல்லை.'