தவிட்டுக்குருவிகளும் கிணற்று முறையும்

செஞ்சிக் கோட்டை மதிலுக்கு வெளியே எங்களுக்கு ஒரு கிணறு. என் கணவருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும், அதாவது என் மூத்தாருக்கும், அது பொது. ஒரு நாள் நாங்கள் ஜோடி மாடு கட்டி, தோல் சாலில் தண்ணீரை மேலே இழுத்துக் கவலை இறைப்போம், மறுநாள் அவர்கள். முறை வந்த நாளில் இறைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் அடுத்தவருக்குப் போய்விடும். அதில் யாரும் யாருக்கும் இரங்குவதில்லை.

அறுபதுகளில் ஒரு கோடை. வேர்க்கடலை பிஞ்சு வைக்கிற நேரம் பார்த்து எங்கள் வலத்து மாடு குளம்பு புண்ணாகிப் படுத்துவிட்டது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கவலை ஓட்ட முடியுமா? எங்கள் முறையையும் சேர்த்து மூத்தார் இறைத்தார். அவர் பக்கம் செடி பச்சைப்பசேலென்று நின்றது, எங்கள் பக்கம் சுருண்டது. இன்னும் ஒரு தண்ணீர் தவறினால் அந்த வருஷத்துக் கடலை மொத்தமும் போச்சு. அவரிடம் மாடு கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்பதற்குப் பதில் பட்டினி கிடக்கலாம் என்றார் என் கணவர். ரோஷத்தை உலையில் போட்டா பொங்குவது? எனக்கு எரிச்சலாக வந்தது.

கிணற்று மேட்டுக் காரைமுள் புதரில் ஒரு தவிட்டுக்குருவிக் கூடு இருந்தது. புல் அறுக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கூட்டமே மாறி மாறிப் புழு கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டும். எது தாய் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் மூத்தார் எங்கள் முறைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். புதருக்குள் ஒரு சாரைப்பாம்பு ஏறியது. ஒரு குருவி கத்தியதுதான் தாமதம், எங்கெங்கோ மேய்ந்துகொண்டிருந்த அத்தனையும் வந்து மொய்த்தன. தலைப்பக்கம் சில, வால்பக்கம் சில. பாம்பு ஒன்றின் மேல் பாய்ந்தால் பின்னாலிருந்து இன்னொன்று கொத்தும். கைக்குள் அடங்குகிற உடம்பு அதுகளுக்கு! அறுத்த புல் கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை. கடைசியில் பாம்பு இறங்கிக் கல்லிடுக்கில் நுழைந்தது. குருவிகள் மறுபடி புழு பொறுக்கப் போயின.

திரும்பிப் பார்த்தேன். மூத்தார் மாடுகளை நிறுத்திவிட்டுப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். சால் பாதிக் கிணற்றில் தொங்கியது. என்னைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு மாட்டை அதட்டினார்.

அடுத்து எங்கள் முறை வந்த அன்று, விடிந்ததும் விடியாததுமாகத் தன் வலத்து மாட்டை எங்கள் வாசலுக்கு ஓட்டிவந்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு என் கணவரிடம் சொன்னார்: “சும்மா கட்டிப் போட்டா மாட்டுக்கு நடை கெட்டுப்பூடும். இத்த உன் மாட்டோட பூட்டு.”

தினமும் கவலை இழுத்த மாட்டுக்கு நடை எப்படிக் கெடும் என்று யாரும் கேட்கவில்லை. என் கணவர் நுகத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் மூத்தாருக்கும் சேர்த்துக் கூழ் காய்ச்சினேன்.